அமெரிக்க டிவி சீரிஸும் நெட்வொர்க் அட்டவணையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க சீரிஸ் பாக்க ஆரம்பிச்ச நண்பர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு கட்டத்துல ஒரே சந்தேகங்கள்தான் வருது. ஏன் நடுவுல நின்னுச்சு, ஏன் நாள் மாத்துனாங்க, நல்லா இருந்த சீரிஸ ஏன் தூக்குனாங்கன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் சேத்து இங்க எழுதிட்டேன், கேள்விய மட்டும் அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். இது முழுக்க ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ், சிடபிள்யூ மாதிரி ஆன்டெனா வச்சாலே இலவசமா கிடைக்கிற நெட்வொர்க்குகள் பத்தினது. கேபிள் சேனலுக்கு இதுல பாதி பொருந்தாது.

நெட்வொர்க்னா சேனல்தானே, ஏன் ரெண்டு பேரு?

ரெண்டும் வேற. என்பிசிங்கறது நிகழ்ச்சிகள தயார் பண்ணி அனுப்புற இடம், அதை உங்க டிவிக்கு கொண்டு வர்றது அந்தந்த ஊர்ல லைசென்ஸ் வாங்கின ஒரு ஸ்டேஷன். நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் மாதிரி பெரிய ஊர்ல நெட்வொர்க்கே சொந்தமா ஸ்டேஷன் வச்சிருக்கும், மத்த ஊர்ல வேற கம்பெனிகளோட ஸ்டேஷன் ஒப்பந்தம் போட்டு சேந்திருக்கும், அதுக்கு அஃபிலியேட்னு பேரு. அந்த ஸ்டேஷன் நாள் முழுக்க நெட்வொர்க் குடுக்குறதையே போடாது. உள்ளூர் நியூஸ் அதோட சொந்தம், சாயந்திரம் வர்ற ஜெப்பர்டி, வீல் ஆஃப் ஃபார்ச்சூன் மாதிரி கேம் ஷோ எல்லாம் வெளியில இருந்து தனியா வாங்கினது.

இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க, கீழ வர்ற பல கேள்விக்கு பதில் இங்கதான் இருக்கு. அட்டவணை போடுறவங்க ஒரே நேரத்துல பார்வையாளர், விளம்பரம் குடுக்குறவங்க, உள்ளூர் ஸ்டேஷன்னு மூணு தரப்ப சமாளிக்கணும்.

ப்ரோமோல "8/7 சென்ட்ரல்"னு போடுறாங்களே அது என்ன?

அமெரிக்காவோட பெரும்பகுதி 4 நேர மண்டலமா பிரிஞ்சிருக்கு. கிழக்குக்கும் சென்ட்ரலுக்கும் ஒரே நேரத்துல ஒளிபரப்பு போகுது, ஆனா கடிகாரத்துல 1 மணி நேரம் வித்தியாசம், அதனால நியூயார்க்ல 8 மணின்னா சிகாகோல அதே நிமிஷம் 7 மணி. பசிபிக் பக்கம் அதே நிகழ்ச்சிய 3 மணி நேரம் பிடிச்சு வச்சு அவங்க ஊர் 8 மணிக்கு போடுவாங்க. மவுன்டன் பகுதிக்கு 1 மணி நேரம் தள்ளி, பெரும்பாலும் சென்ட்ரல் மாதிரியே 7 மணிக்கு வரும்.

சஸ்பென்ஸ் எபிசோடு வர்ற அன்னிக்கு கலிபோர்னியாக்காரங்க ஏன் சோஷியல் மீடியா பக்கமே வர மாட்டேங்கறாங்கன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

பிரைம் டைம் எத்தனை மணிக்கு? ஃபாக்ஸ்ல மட்டும் ஏன் 10 மணிக்கு சீரிஸே இல்ல?

கிழக்கு நேரப்படி திங்கள்ல இருந்து சனி வரைக்கும் ராத்திரி 8 முதல் 11, ஞாயிறு மட்டும் 7 மணிக்கே ஆரம்பம். முன்னாடி 7.30க்கே நெட்வொர்க் நிகழ்ச்சி வந்துட்டு இருந்துச்சு. 1971ல அரசாங்கம் ஒரு விதி கொண்டு வந்து, பெரிய ஊர் ஸ்டேஷன்கள் ராத்திரி 7 முதல் 11 வரைக்கும் உள்ள 4 மணி நேரத்துல நெட்வொர்க் நிகழ்ச்சிய 3 மணி நேரத்துக்கு மேல போடக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. 1996ல அந்த விதி போயிடுச்சு, ஆனா கேம் ஷோக்கள் அந்த இடத்துல நல்லா வேர் விட்டுடுச்சு, இன்னிக்கு வரைக்கும் அசையல.

ஃபாக்ஸ் 1986ல வந்த நெட்வொர்க். அதுல சேந்த ஸ்டேஷன்கள்ல நிறைய அதுவரைக்கும் எந்த நெட்வொர்க்லயும் இல்லாம தனியா இருந்தவங்க, 10 மணிக்கு சொந்த நியூஸ் போட்டு சம்பாதிச்சவங்க. அதனால ஃபாக்ஸ் 8ல இருந்து 10 வரைக்கும் 2 மணி நேரத்தோட நிறுத்திக்கிச்சு.

எல்லா சீரிஸும் ஏன் செப்டம்பர்லயே ஆரம்பிக்குது?

வெயில் காலத்துல ஜனங்க வெளிய போயிடுவாங்க, டிவி பாக்குறது குறையும். இலையுதிர் காலத்துல ஸ்கூல் திறந்து பொழுது சீக்கிரம் சாஞ்சதும் திரும்ப வீட்டுக்குள்ள வருவாங்க. அதோட அந்தக் காலத்துல கார் கம்பெனிகள் புது மாடல இலையுதிர் காலத்துலதான் இறக்கும், அவங்கதான் பெரிய விளம்பரதாரர், ரெண்டும் சேந்து செப்டம்பர் கடைசியில ஆரம்பிச்சு மே மாசம் முடியுற சீசனா நிலைச்சுடுச்சு. இதுக்கு முன்னாடி மே மாசம் நியூயார்க்ல அப்ஃப்ரன்ட்னு ஒண்ணு நடக்கும், அடுத்த சீசன் அட்டவணைய மேடை போட்டு விளம்பரதாரர்கிட்ட காட்டி, விளம்பர நேரத்துல பெரும் பங்க அப்பவே வித்துடுவாங்க.

ஆனா செப்டம்பர்ல வராததெல்லாம் ரெண்டாம் தரம்னு நினைக்காதீங்க, அது பெரிய தப்பு. ஆல் இன் த ஃபேமிலி 1971 ஜனவரில வந்துச்சு, கிரேஸ் அனாடமி 2005 மார்ச்ல வந்துச்சு, அதே மாசம் தி ஆஃபிஸ் வெறும் 6 எபிசோடோட வந்துச்சு. விழுந்த சீரிஸோட இடத்த நிரப்ப வந்ததுங்கதான் பல சமயம் வருஷக்கணக்கா நின்னிருக்கு.

ஒரு சீசனுக்கு 22 எபிசோடுன்னு யார் முடிவு பண்ணது?

யாரும் உக்காந்து முடிவு பண்ணல, கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு வந்த எண்ணிக்கை. 1950கள்ல ஒரு சீசனுக்கு 39 எபிசோடு சாதாரணம். 39 புதுசு, வெயில் காலத்துல 13 பழசு, மொத்தம் 52 வாரம், கணக்கு சரியா முடிஞ்சிடும். அப்புறம் தயாரிப்பு செலவு ஏற ஏற எண்ணிக்கை இறங்கி 22 முதல் 24ல வந்து நின்னுச்சு.

புது சீரிஸ்னா ரொம்ப காலமா இருந்த வழக்கம் என்னன்னா முதல்ல 13 எபிசோடுக்கு ஆர்டர், ஓடுச்சுன்னா இன்னும் 9, அதுக்கு பேக் நைன்னு பேரு. 13ம் 9ம் 22. உங்களுக்கு புடிச்ச பழைய சீரிஸோட முதல் சீசன்ல 13வது எபிசோட ஒருதடவ திரும்ப பாருங்க, பல சீரிஸ்ல அது ஒரு குட்டி கிளைமாக்ஸ் மாதிரி இருக்கும், ஏன்னா எழுதும்போது அதுக்கு மேல இருக்கோமா இல்லையான்னே அவங்களுக்கு தெரியாது.

நல்லா போயிட்டு இருக்கும்போது திடீர்னு 3 வாரம் காணோம், என்ன ஆச்சு?

கணக்கு போட்டு பாருங்க. செப்டம்பர் கடைசில இருந்து மே முடிய கிட்டத்தட்ட 35 வாரம், கையில இருக்கிறது 22 எபிசோடு. மீதி 13 வாரத்த எதையாவது வச்சு ஓட்டணும். பண்டிகை வாரம், ஜனாதிபதி உரை, அக்டோபர்ல பேஸ்பால் வேர்ல்ட் சீரிஸ் எல்லாம் அதுல கொஞ்சம் சாப்பிடும், மீதிக்கு பழைய எபிசோடு.

தொடர்கதையா போற சீரிஸுக்கு இந்த இடைவெளி விஷம். லாஸ்ட்ங்கற சீரிஸோட 3வது சீசன்ல 2006 இலையுதிர் காலத்துல 6 எபிசோடு போட்டு நிறுத்திட்டு 2007 பிப்ரவரியிலதான் திரும்ப வந்தாங்க, அந்த மூணு மாசத்துல பாத்துட்டு இருந்தவங்க பலர் கடுப்பாகி விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் ஜனவரி வாக்குல ஆரம்பிச்சு தொடர்ச்சியா போடுற முறைக்கு மாறுனாங்க. 24 சீரிஸ் 2005லயே இத செஞ்சிடுச்சு, ஜனவரில ஆரம்பிச்சு மே வரைக்கும் இடைவெளியே இல்லாம. என்னக் கேட்டா தொடர்கதைக்கு இதுதான் மரியாதை.

நவம்பர், பிப்ரவரி, மே மாசம் மட்டும் ஏன் எல்லா சீரிஸ்லயும் கல்யாணம், சாவு, குண்டுவெடிப்பு?

அது ஸ்வீப்ஸ் மாசம். நீல்சன்தான் அங்க பார்வையாளர கணக்கு எடுக்குற கம்பெனி. தினசரி கணக்குக்கு சில வீடுகள்ல மீட்டர் இருக்கும், ஆனா சின்ன ஊர் ஒவ்வொண்ணுலயும் மீட்டர் வைக்க முடியாது, அதனால வருஷத்துல 4 தடவ, நவம்பர், பிப்ரவரி, மே, ஜூலையில, வீடு வீடா காகித டைரி அனுப்பி யார் என்ன பாத்தீங்கன்னு எழுதி வாங்குனாங்க. அந்த எண்ணிக்கைய வச்சுத்தான் உள்ளூர் ஸ்டேஷன் தன்னோட விளம்பர ரேட்ட வைக்கும். ஸ்டேஷன் சம்பாதிக்கணும்னா நெட்வொர்க் அந்த மாசம் பெரிய சரக்க இறக்கணும். ஜூலையில மட்டும் யாரும் பெருசா கண்டுக்க மாட்டாங்க.

டல்லஸ்ங்கற சீரிஸ்ல ஜேஆர்ங்கற கதாபாத்திரத்த சுட்டது யாருங்கற விடை வந்தது 1980 நவம்பர் 21, சுமார் 8.3 கோடி பேர் பாத்தாங்க. நடிகர்கள் ஸ்ட்ரைக்கால தள்ளிப்போய் அங்க வந்து விழுந்துச்சு, ஆனா விழுந்த இடம் ஸ்வீப்ஸ் மாசம். மேஷ் கடைசி எபிசோடு 1983 பிப்ரவரி 28, சுமார் 10.6 கோடி பேர். காகித டைரிய 2018ல நிறுத்திட்டாங்க, ஆனா அந்த மாசங்கள்ல பெருசா ஏதாவது செய்யுற பழக்கம் இன்னும் முழுசா போகல.

ரேட்டிங் 1.2, ஷேர் 7னு போட்டிருந்தா என்ன அர்த்தம்?

ரேட்டிங்னா டிவி இருக்குற மொத்த பேர்ல எத்தனை சதவீதம். ஷேர்னா அந்த நேரத்துல டிவிய போட்டு வச்சிருந்தவங்கள்ல எத்தனை சதவீதம். அதனால ஷேர் எப்பவும் பெருசா இருக்கும். செய்தியில பெரும்பாலும் வர்றது 18 முதல் 49 வயசுக்காரங்களோட ரேட்டிங், விளம்பரதாரர் அந்த வயசுக்குத்தான் அதிக பணம் குடுப்பாங்க. 1 கோடி பேர் பாத்தும் ஒரு சீரிஸ் தவிக்கிறதுக்கும், அதுல பாதி பேர் பாத்த சீரிஸ் நிம்மதியா இருக்கறதுக்கும் காரணம் இந்த வயசுக் கணக்குதான்.

இன்னொண்ணு, காலையில வர்ற நம்பர வச்சு சண்டை போடாதீங்க. அன்னிக்கு ராத்திரி மட்டும் பாத்தவங்க கணக்கு ஒண்ணு, 7 நாளுக்குள்ள ரெக்கார்ட் பண்ணி பாத்தவங்களையும் சேத்த கணக்கு இன்னொண்ணு. 2007ல இருந்து 3 நாளுக்குள்ள விளம்பரத்தையும் சேத்து பாத்தவங்கள எண்ணுற சி3ங்கற கணக்குதான் பணம் பேசுற இடத்துல வந்துச்சு.

என் சீரிஸ வெள்ளிக்கிழமைக்கு மாத்திட்டாங்க, அவ்ளோதானா?

இத கேக்கும்போது எல்லாருக்கும் குரல் இறங்கிடும், எனக்கும் அந்த வலி தெரியும். பயத்துக்கு காரணம் இருக்கு. வெள்ளி ராத்திரி இளவயசுக்காரங்க வெளிய போயிடுவாங்க, மேல சொன்ன 18 முதல் 49 அங்கதான் அடி வாங்கும். ஸ்டார் ட்ரெக்க 1968ல மூணாவது சீசனுக்கு வெள்ளி ராத்திரி 10 மணிக்கு தள்ளுனாங்க, அதோட கடைசி சீசன் அதுதான். வெள்ளி ராத்திரிக்கு டெத் ஸ்லாட்னே பேர் வந்துடுச்சு.

ஆனா மேல பாத்த டல்லஸ் வெள்ளிக்கிழமை சீரிஸ்தான். எக்ஸ் ஃபைல்ஸ் 1993ல வெள்ளிக்கிழமைதான் ஆரம்பிச்சுச்சு, அங்கயே கூட்டம் சேத்துட்டு 1996ல ஞாயிறுக்கு போச்சு. ப்ளூ ப்ளட்ஸ் 2010ல இருந்து 2024 வரைக்கும் 14 சீசன், பெரும்பாலும் வெள்ளி 10 மணியில. சிபிஎஸ் மாதிரி கொஞ்சம் வயசான பார்வையாளர் உள்ள இடத்துல வெள்ளி ஒரு தண்டனையே இல்ல, எதிர்பார்ப்பு கம்மி, அதனால கம்மி ரேட்டிங்லயே பிழைக்கலாம். நிஜமா கைவிட்ட நாள்னா அது சனிக்கிழமை. 1973ல சிபிஎஸ் சனிக்கிழமை ஆல் இன் த ஃபேமிலி, மேஷ், மேரி டைலர் மூர் ஷோன்னு வரிசையா வச்சிருந்த இடத்துல இப்ப பெரும்பாலும் விளையாட்டும் பழைய எபிசோடும்தான்.

அப்ப வியாழக்கிழமைக்கு மட்டும் ஏன் அவ்ளோ போட்டி?

புதுப்படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ், அதனால ஸ்டுடியோக்கள் வியாழன் ராத்திரி விளம்பரத்துக்கு அள்ளிக் குடுப்பாங்க, வார இறுதிக்கு கடை போறவங்கள பிடிக்க மத்தவங்களும் வருவாங்க. 1990ல ஃபாக்ஸ் தைரியமா சிம்ப்ஸன்ஸ வியாழன் 8 மணிக்கு நகத்தி என்பிசியோட காஸ்பி ஷோவுக்கு நேர் எதிர வச்சுச்சு. 2001ல சிபிஎஸ் சர்வைவரையும் சிஎஸ்ஐயையும் வியாழனுக்கு கொண்டு வந்து என்பிசிய அசைச்சுச்சு.

இங்கதான் லீட் இன் பத்தி சொல்லணும். முன்னாடி ஓடுற நிகழ்ச்சியோட கூட்டத்துல ஒரு பகுதி எழுந்து போகாம அடுத்ததையும் பாக்கும். ரெண்டு ஹிட்டுக்கு நடுவுல புதுச கட்டி வச்சா ரெண்டு பக்கமும் தாங்கும், அதுக்கு ஹேமக்னு பேரு, தூளி மாதிரி. 1994 இலையுதிர் காலத்துல ஃபிரண்ட்ஸ் வந்தது இப்படித்தான், 8 மணிக்கு மேட் அபவுட் யூ, 8.30க்கு ஃபிரண்ட்ஸ், 9க்கு சைன்ஃபெல்ட். அடுத்த வருஷம் ஃபிரண்ட்ஸ் 8 மணிக்கு போய் தானே ஒரு தூணா நின்னுச்சு, 8.30க்கு தி சிங்கிள் கைனு ஒரு சீரிஸ் வந்துச்சு, ரேட்டிங் லிஸ்ட்ல மேல இருந்தும் 2 சீசன்தான். கூட்டம் பக்கத்து வீட்டுக்கு வந்தது, வழியில இங்க உக்காந்துச்சு, அவ்ளோதான்னு நெட்வொர்க்குக்கு தெரியும். அதனால ஒரு சீரிஸோட நம்பர பாக்கும்போது அதுக்கு முன்னாடி என்ன ஓடுச்சுன்னு கண்டிப்பா பாருங்க.

எபிசோடு வரிசையே குழப்பமா இருக்கே, ஹீரோ முதல் எபிசோட்லயே எல்லாரையும் தெரிஞ்ச மாதிரி பேசுறாரு?

எடுத்த வரிசை வேற, ஒளிபரப்புன வரிசை வேறயா இருக்கலாம். முதல்ல வேகமான எபிசோட போட்டா ஆளு வருவாங்கன்னு நெட்வொர்க் நினைச்சா மாத்திடும். ரொம்ப மோசமான உதாரணம் ஃபயர்ஃப்ளை. 2002ல ஃபாக்ஸ்ல வெள்ளி ராத்திரி வந்துச்சு, கதையையும் ஆட்களையும் அறிமுகம் பண்ற 2 மணி நேர முதல் எபிசோட தள்ளி வச்சிட்டு ரெண்டாவது கதையில இருந்து ஆரம்பிச்சாங்க. அந்த முதல் எபிசோடு டிசம்பர்ல கடைசியா வந்துச்சு, அப்ப சீரிஸ் கேன்சல். எடுத்தது 14, ஒளிபரப்புனது 11. மீதி டிவிடியிலதான் முழுசா, சரியான வரிசையில கிடைச்சுது, அதுக்கப்புறம்தான் எத்தனை அருமையான சீரிஸ்னு ஜனங்களுக்கு தெரிஞ்சுச்சு. புதுசா பாக்குறவங்க தயவுசெஞ்சு டிவிடி வரிசையில பாருங்க.

100 எபிசோடு வந்தா கேக் வெட்டி கொண்டாடுறாங்களே, அதுல என்ன விசேஷம்?

பழைய எபிசோடுகள உள்ளூர் ஸ்டேஷன்களுக்கும் கேபிளுக்கும் விக்கிறது சிண்டிகேஷன். அவங்க அத திங்கள் முதல் வெள்ளி தினமும் போடுவாங்க. 100 எபிசோடு இருந்தா 20 வாரம் திரும்ப வராம ஓட்டலாம். சீரிஸ் எடுக்குற ஸ்டுடியோவுக்கு நெட்வொர்க் குடுக்குற பணம் பெரும்பாலும் தயாரிப்பு செலவுக்கே பத்தாது, முதல் சில வருஷம் கைய விட்டு போகும், அத மீட்டு லாபம் பாக்குறது இங்கதான். 100ங்கறது சட்டம் இல்ல, 88 இருந்தாலும் வித்திருக்காங்க. ஸ்டார் ட்ரெக் 79 எபிசோடோட போய், ரத்தான சீரிஸ்ங்கற பேர தூக்கி எறிஞ்சு தினசரி மறுஒளிபரப்புலதான் பெரும் ரசிகர் கூட்டத்த சேத்துச்சு.

கம்மி ரேட்டிங் சீரிஸ் தப்பிக்குது, அதவிட ஜாஸ்தி உள்ளத தூக்குறாங்க, இது அநியாயம் இல்லையா?

வெளியில இருந்து பாத்தா அநியாயம்தான். உள்ள ஒரு கேள்வி இருக்கு, சீரிஸ் யாரோடது? 1970ல வந்த விதிப்படி நெட்வொர்க்குகள் தாங்க ஒளிபரப்புற சீரிஸ்ல பெரும்பாலும் பங்கு வச்சுக்க முடியாது. 1990கள்ல அது தளர்ந்து போச்சு. அதுக்கப்புறம் நெட்வொர்க்கோட அண்ணன் தம்பி கம்பெனியே ஸ்டுடியோ, அந்த சீரிஸ் ஓடினா மேல சொன்ன சிண்டிகேஷன் பணமும் வீட்டுக்குள்ளயே வரும். வெளி ஸ்டுடியோ சீரிஸ்னா நெட்வொர்க்குக்கு விளம்பர வருமானம் மட்டும்தான்.

ப்ரூக்ளின் நைன் நைன் இதுக்கு நல்ல சாட்சி. ஃபாக்ஸ்ல 5 சீசன் ஓடுச்சு, ஆனா எடுத்தது என்பிசி குடும்பத்து ஸ்டுடியோ. 2018 மே 10 ஃபாக்ஸ் கேன்சல் பண்ணுச்சு, மறுநாளே என்பிசி எடுத்துக்கிச்சு, மொத்தம் 8 சீசன் வந்துச்சு.

உள்ளூர் ஸ்டேஷன் நெட்வொர்க்க எதிர்த்து பேச முடியுமா?

முடியும், ஜெயிச்சும் இருக்காங்க. 2009 செப்டம்பர்ல என்பிசி வாரத்துல 5 நாளும் ராத்திரி 10 மணிக்கு ஜே லெனோ ஷோங்கற டாக் ஷோவ வச்சுச்சு, 5 டிராமா எடுக்குறதுக்கு ஆகுற செலவுல சின்ன பங்குதான். பாஸ்டன்ல ஒரு ஸ்டேஷன் ஆரம்பத்துலயே போட மாட்டேன்னு சொல்லி, அப்புறம் வேற வழியில்லாம இறங்கி வந்துச்சு. ஷோ ஆரம்பிச்சதும் பிரச்சனை 11 மணி உள்ளூர் நியூஸ்ல வெடிச்சுச்சு, லீட் இன் குறைஞ்சதால நியூஸ் பாக்குறவங்க குறைஞ்சாங்க, நியூஸ்தான் ஸ்டேஷனோட சோறு. அஃபிலியேட்டுகள் ஒண்ணா கொதிச்செழுந்தாங்க, 2010 பிப்ரவரியோட 10 மணி லெனோ முடிஞ்சுச்சு.

ஞாயித்துக்கிழமை ரெக்கார்ட் பண்ணா பாதி ஃபுட்பால்தான் இருக்கு, மேட்ச பாதில நிறுத்த மாட்டாங்களா?

மாட்டாங்க, ஒரு தடவ நிறுத்தி பட்ட பாடு போதும். 1968 நவம்பர் 17, ஜெட்ஸ், ரெய்டர்ஸ்ங்கற ரெண்டு அமெரிக்கன் ஃபுட்பால் டீமோட மேட்ச். கடைசி 65 செகண்ட் பாக்கி, ஜெட்ஸ் 32க்கு 29னு முன்னால. 7 மணி ஆனதும் என்பிசி நாட்டோட பெரும்பகுதியில மேட்ச வெட்டிட்டு ஹைடிங்கற குழந்தைகள் படத்த போட்டுடுச்சு. அந்த மிச்ச நேரத்துல ரெய்டர்ஸ் ரெண்டு டச்டவுன் அடிச்சு 43க்கு 32னு ஜெயிச்சாங்க. அதுக்கப்புறம் மேட்ச் முடியற வரைக்கும் காட்டணும்னு ஆயிடுச்சு. ஞாயிறு சீரிஸ் ரெக்கார்ட் பண்றவங்க முடியுற நேரத்துல 1 மணி நேரம் கூட்டி வைங்க.

2023-24 சீசன் மட்டும் ஏன் இவ்ளோ குட்டி?

ரெண்டு ஸ்ட்ரைக். எழுத்தாளர்கள் மே 2ல இருந்து செப்டம்பர் 27 வரைக்கும், நடிகர்கள் ஜூலை 14ல இருந்து நவம்பர் 9 வரைக்கும். செப்டம்பர்ல போட சரக்கே இல்ல, ரியாலிட்டியும் மறுஒளிபரப்பும் வச்சு ஓட்டுனாங்க. பெரும்பாலான சீரிஸ் 2024 பிப்ரவரில வந்துச்சு, மே வரைக்கும் எத்தனை வாரமோ அத்தனை எபிசோடு, அபாட் எலிமென்டரிக்கு 14. சீரிஸ் சரிஞ்சுடுச்சுன்னு நினைச்சவங்க அந்த வருஷத்த கணக்குல எடுக்காதீங்க.

இப்ப எல்லாரும் மறுநாள் ஆப்லதான் பாக்குறோம், இன்னும் எதுக்கு இந்த அட்டவணை?

ஏபிசி சீரிஸ் ஹூலுவுலயும் என்பிசி சீரிஸ் பீகாக்லயும் மறுநாள் வந்துடுது, உண்மைதான். ஆனா நெட்வொர்க்குக்கு விளம்பரமும் உள்ளூர் ஸ்டேஷன்கள் கிட்ட இருந்து வர்ற பணமும் இன்னும் வேணும், ரெண்டும் குறிப்பிட்ட நேரத்துல ஒரு கூட்டம் கூடுறத நம்பித்தான் இருக்கு. என்பிசி 2018ல இருந்து சிகாகோ மெட், சிகாகோ ஃபயர், சிகாகோ பி.டி.ன்னு சிகாகோ சீரிஸ் மூணையும் புதன்கிழமை ஒரே ராத்திரியில அடுக்கி வச்சிருக்கறது இதனாலதான், 8 மணிக்கு உக்காந்தவங்க 11 வரைக்கும் எழுந்திருக்க வேண்டாம்.

என் சீரிஸ் 4வது சீசன், 70 எபிசோடு ஆச்சு, ரேட்டிங் விழுந்துச்சு, வெள்ளிக்கு போட்டுட்டாங்க. அடுத்த வருஷம் வருமா?

முதல்ல ஸ்டுடியோ யாருன்னு பாருங்க. நெட்வொர்க்கோட சொந்த ஸ்டுடியோன்னா 70ல நிறுத்த அவங்களுக்கு மனசு வராது, இன்னொரு சீசன் எடுத்தா 90ஐ தொட்டுடும், விக்கலாம். வெளி ஸ்டுடியோன்னாலும் முழுசா கை விடாதீங்க, 88 பக்கத்துல இருக்கறதால அவங்க விலைய குறைச்சாவது குடுக்கப் பாப்பாங்க. அடுத்து வெள்ளிக்கிழமை நம்பர பழைய நாளோட ஒப்பிடாதீங்க, அதே நெட்வொர்க்கோட மத்த வெள்ளிக்கிழமை சீரிஸோட வச்சு பாருங்க.

எபிசோடு ஆர்டர 22ல இருந்து 13க்கு குறைச்சிட்டாங்கன்னா, இல்ல ஸ்வீப்ஸ் மாசத்துல உங்க சீரிஸ எடுத்துட்டு வேற எதையாவது போட்டாங்கன்னா, அப்பதான் நான் கவலைப்படுவேன். மே மாசம் அப்ஃப்ரன்ட்டுக்கு முந்தின வாரம் செய்திய பாத்துட்டே இருங்க, இழுபறியில இருக்கிற சீரிஸோட முடிவு எல்லாம் பெரும்பாலும் அந்த சில நாள்லதான் வரும்.